பால்சம்ரூட் நாற்று கருகிவிட்டதா? தோண்டாதீர்கள்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து பாய்ஸி நகரில் இலையுதிர்காலத்தில் விதைத்த ஆரோலீஃப் பால்சம்ரூட் என்ற மஞ்சள் பூக்கும் காட்டுச்செடி வசந்தத்தில் முளைத்து, ஓரிரு இலை விட்டு, ஜூன் கடைசியில் காய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பிடுங்கிவிட்டு மலையடிவாரத்திலிருந்து வளர்ந்த செடியையே தோண்டி வந்து நடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் நாற்று அநேகமாக உயிரோடுதான் இருக்கிறது. மேற்கு அமெரிக்காவின் வறண்ட சரிவுகளில் வளரும் இந்தச் செடி பனி உருகும் ஈரத்தில் இலை விடும், பூக்கும். கோடை முற்றியதும் மேலே எல்லாம் காய்ந்து, மண்ணுக்குள் வேராக மட்டும் உறங்கும். முதல் வருடம் அதன் முழு வேலையும் ஆணிவேரைக் கீழே இறக்குவதுதான். இப்போது இரக்கப்பட்டு தினமும் தண்ணீர் ஊற்றினால்தான் ஆபத்து, வேர் அழுகிவிடும். உரமும் வேண்டாம். இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், மார்ச், ஏப்ரலில் பாருங்கள்.

மலையில் இருக்கும் செடியின் வேர் மிக ஆழமாகப் போயிருக்கும். தோண்டும்போது அறுந்துவிடும், பிழைப்பது அபூர்வம். அங்கேயும் ஒரு செடி போய்விடும். அது பல பத்தாண்டு வாழக்கூடியது என்பதால் எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. நெஸ் பெர்ஸ் போன்ற பூர்வகுடிகள் உணவாகக் கொண்ட செடியும்கூட.

உங்கள் நாற்று தொட்டியில் இருந்தால் மட்டும், அக்டோபரில் மண்ணோடு அப்படியே நிலத்துக்கு மாற்றிவிடுங்கள். வெயில் படும், நீர் தேங்காத சரிவாக இருக்கட்டும். அப்புறம், மஞ்சள் பூவைப் பார்க்க சில வருடங்கள் ஆகும்.