பத்து வெள்ளி டிக்கெட்டால் ஒரு கிளப் பிழைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, பள்ளி அணியில் காற்பந்து ஆடுகிறான். இந்தப் பருவத்திலிருந்து, சிங்கப்பூர் லீக்கில் ஆடும் ஹவ்காங் யுனைடெட் ஆட்டங்களுக்கு அவனையும் என் அப்பாவையும் அழைத்துப்போக ஆசை. மாதம் 50 வெள்ளிக்கு மேல் ஒதுக்க முடியாது. “பத்து வெள்ளி டிக்கெட்டால் ஒரு கிளப் பிழைத்துவிடுமா? ஜெர்சி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்” என்கிறார் அலுவலக நண்பர். இன்னொருவர் இலவச டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அரங்கில் எப்படியும் இடம் காலியாகத்தானே இருக்கிறது, வாசலில் வாங்கிக்கொண்டால் என்ன? உண்மையிலேயே கிளப்புக்கு உதவவேண்டுமானால் எதை, எப்போது, எப்படி வாங்கவேண்டும்? (ஹவ்காங் வாசகர்)

பதில்: நண்பரின் கணக்கையே முதலில் போட்டுப் பார்த்துவிடுவோம். டிக்கெட் விலை கிளப்புக்குக் கிளப், பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் இங்கே வரும் விலைகளும் தொகைகளும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. டிக்கெட் 10 வெள்ளி, வந்தவர்கள் 800 பேர் என்றால் ஓர் இரவுக்கு 8,000 வெள்ளி. மாதத்தில் சொந்த மைதான ஆட்டம் இரண்டு என்றால் 16,000. ஆட்டக்காரர்கள் 25 பேர், சராசரிச் சம்பளம் 4,000 என்று வைத்தாலே மாதம் 100,000 வெள்ளி போய்விடுகிறது. பயிற்றுவிப்பாளர், உடலியக்க நிபுணர், இளையர் அணிகள் எல்லாம் அதற்கு மேல். வாசல் வசூலை மட்டும் நம்பி சிங்கப்பூரில் எந்தக் கிளப்பும் நடக்காது. லீக் வழியாக வரும் மானியமும் விளம்பரதாரர் பணமும்தான் முதுகெலும்பு. சில கிளப்புகள் பல ஆண்டுகள் கிளப் மனைகளில் இருந்த ஜாக்பாட் சூதாட்ட இயந்திர வருமானத்தையும் நம்பியிருந்தன. 2017க்குப் பிறகு அதற்கான விதிகள் இறுகிவிட்டன.

இதுவரை நண்பர் சொல்வது சரி. அவர் விட்டுவிட்டது செலவுப் பக்கம். விளையாட்டரங்க வாடகை, விளக்கு, பாதுகாவலர்கள், மருத்துவக் குழு, நுழைவாயில் பணியாளர்கள் என்று ஓர் இரவுக்கு ஆகும் செலவு, 300 பேர் வந்தாலும் 1,000 பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்ட நாள் குறித்தவுடனே அந்தச் செலவில் பெரும்பகுதி உறுதியாகிவிடுகிறது. அதற்குமேல் வந்து உட்காரும் உங்கள் மூவரால் கிளப்புக்குக் கூடுதலாகச் செலவாவது அநேகமாக எதுவுமில்லை. ஆகவே நீங்கள் கொடுக்கும் தொகையில், முன்பதிவுக் கட்டணமும் வரியும் போக, மிச்சம் அப்படியே கிளப்பிடம் நிற்கும். மானியப் பணம் நிபந்தனைகளோடு வரும். உங்கள் டிக்கெட் பணத்துக்கு நிபந்தனை கிடையாது. இளையர் அணிக்கு வேன் பிடிக்கலாம், பந்து வாங்கலாம்.

அடுத்தது தலைக்கணக்கு. பக்கத்து வட்டாரத்து உணவகக்காரரிடமோ உடற்பயிற்சிக்கூட உரிமையாளரிடமோ கிளப் விளம்பரம் கேட்டுப் போகும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை பேர் வர்றாங்க?” என்பதுதான். அங்கே உங்கள் மூன்று இருக்கைகள் முப்பது வெள்ளிக்கு மேல் பேசும். கோப்பைகள் மட்டும் ஒரு கிளப்பைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு வாரியர்ஸ் சாட்சி. ஆயுதப் படைகளின் அணியாக இருந்த காலத்தையும் சேர்த்து ஒன்பது முறை லீக் பட்டம் வென்ற கிளப் அது. பணச் சிக்கலில் 2020 பருவத்திலிருந்து லீக்கில் இல்லை. வுட்லண்ட்ஸ் வெலிங்டன், கோம்பாக் யுனைடெட் என்ற பெயர்களையும் இப்போது புள்ளிப் பட்டியலில் தேடமுடியாது. உங்கள் ஹவ்காங் தன் முதல் பெரிய கிண்ணத்தை, 2022 சிங்கப்பூர் கிண்ணத்தை, வெல்ல எத்தனை பருவங்கள் காத்திருந்தது! அத்தனை பருவமும் அரங்கில் முரசோடு நின்ற ரசிகர்கள் இல்லாவிட்டால் அந்த இரவு வந்திருக்காது என்றே நாங்கள் நம்புகிறோம்.

இனி, எதை வாங்குவது? பருவச் சீட்டா, தனித்தனி டிக்கெட்டா என்பதைக் கிளப்பின் மேலுள்ள பாசத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குடும்ப நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லீக் அட்டவணை வந்ததும் ஹவ்காங்கின் சொந்த மைதான ஆட்டங்களை மட்டும் அதில் குறியுங்கள். பையனின் தேர்வு வாரங்கள், உங்கள் இரவுப் பணி, தீபாவளி வாரம், ஊருக்குப் போகும் டிசம்பர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மிஞ்சுவதை எண்ணுங்கள். சொந்த மைதான ஆட்டம் 12, டிக்கெட் 10 வெள்ளி, பருவச் சீட்டு 90 வெள்ளி என்றால், ஒன்பது ஆட்டத்துக்குப் போனால்தான் கணக்கு நேராகும். பத்துக்குப் போகமுடியும் என்றால் பருவச் சீட்டு, ஆறுதான் என்றால் தனி டிக்கெட். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு எங்கள் பரிந்துரை இரண்டும் கலந்தது: உங்களுக்கு ஒரு பருவச் சீட்டு, மகனுக்கும் தாத்தாவுக்கும் அந்தந்த வாரம் சலுகை டிக்கெட்.

பருவச் சீட்டில் பணத்தின் அளவைவிட அது வரும் நேரம் முக்கியம். ஆட்டங்கள் இல்லாத இடைவெளியில் வாசல் வசூல் பூஜ்யம். ஆனால் சம்பளத் தேதி வந்துகொண்டே இருக்கும், புது ஒப்பந்தங்களும் அப்போதுதான் போடவேண்டும். பருவம் தொடங்கும் முன்னரே கையில் வரும் 90 வெள்ளி, பாதிப் பருவத்தில் சிதறி வரும் 90 வெள்ளியைவிட அதிகம் உதவும். விற்பனை திறந்த முதல் வாரத்திலேயே வாங்குங்கள். வாங்கும் முன் மூன்று விஷயங்களைக் கிளப்பிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் கிண்ண ஆட்டங்கள் அதில் அடங்குமா? நான் வரமுடியாத நாளில் வேறொருவர் பயன்படுத்தலாமா? ஆட்டம் வேறு அரங்குக்கு மாறினாலும் செல்லுமா? வம்பு வருவதெல்லாம் இந்த மூன்றில்தான்.

தனி டிக்கெட்டைக் கிளப்பின் சமூக ஊடகப் பக்கமோ லீக்கின் பக்கமோ தரும் இணைப்பில் மட்டும் வாங்குங்கள். மூன்று பேருக்கு மூன்று முறை வாங்கினால் சில தளங்களில் முன்பதிவுக் கட்டணமும் மூன்று முறை விழும். ஒரே ஆர்டரில் முடித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இலவசம் என்று போட்டிருந்தாலும் அவர்கள் பெயரில் பூஜ்ய வெள்ளி டிக்கெட் எடுக்கவேண்டியிருக்கலாம். அதைக் கவனிக்காமல் வந்து வாசலில் பிள்ளையோடு நிற்கும் பெற்றோரை அடிக்கடி பார்க்கலாம். சலுகை டிக்கெட்டுக்கு மாணவர் அட்டை, மூத்தோர் அட்டை கையில் இருக்கட்டும்.

“இடம் காலியாகத்தானே இருக்கிறது, வாசலில் வாங்கிக்கொண்டால் என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை பாதுகாவலர், எத்தனை வாயில், எதிர்ப்பக்க இருக்கைகளைத் திறப்பதா வேண்டாமா என்பதெல்லாம் இரண்டு மூன்று நாள் முன்பே விற்ற எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவாகும். 250 விற்றிருந்தால் ஒரே வாயில்தான் திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை இன்னும் 400 பேர் நேரே வந்து சேர்ந்தால், ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வரிசை வெளி நடைபாதை வரை நீளும். முதல் கோல் விழும் சத்தத்தை மதிலுக்கு வெளியே நின்று கேட்ட பையனை அடுத்த முறை கூப்பிட்டுப் பாருங்கள், வரமாட்டான். அதனால் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பாவது வாங்கிவிடுங்கள்.

டிக்கெட் கியூஆர் குறியீடாக வந்தால் மூவருடையதையும் ஒரே கைப்பேசியில் வைத்துக்கொண்டு வாயிலில் தேடாதீர்கள். முந்தின நாளே சேமித்து, திரை வெளிச்சத்தைக் கூட்டி, வரிசையாக எடுத்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் செல்லுமா என்பதை டிக்கெட்டிலேயே படித்துவிடுங்கள், சில தளங்களில் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: ஹவ்காங் என்று பெயர் இருப்பதால் ஆட்டம் ஹவ்காங் விளையாட்டரங்கில்தான் என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். இங்கே கிளப்புகளுக்குச் சொந்த அரங்கு கிடையாது. புல்தரை சீரமைப்பு வந்தால் இடம் மாறும், ஒரே அரங்கை இரண்டு கிளப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. கேலாங் இன்டர்நேஷனல், தெம்பனிஸ் ரோவர்சோடு ‘நமது தெம்பனிஸ் நடுவம்’ என்ற வளாகத்தின் அரங்கைப் பகிர்ந்துகொண்ட பருவங்கள் இருக்கின்றன. டிக்கெட்டில் உள்ள அரங்கின் பெயரை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மின்னல் எச்சரிக்கை வந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். சிங்கப்பூரில் இது சாதாரணம். வெளியேறினால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது அரங்குக்கு அரங்கு வேறுபடும். அதனால் கூரைக்கடியில் பொறுத்திருங்கள், மழைக்கோட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் வேறு நாளுக்குத் தள்ளிப்போனால் பழைய டிக்கெட் செல்லுமா என்று கிளப் அறிவிக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

இலவச டிக்கெட் விஷயத்தில் உங்கள் நண்பரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அது எங்கிருந்து வருகிறது? அவருடைய நிறுவனம் மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்கியது என்றால், பணம் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தயங்காமல் வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். அந்த இருக்கை காலியாகக் கிடப்பதுதான் நட்டம். கிளப்பே கூட்டம் சேர்க்க வழங்குவது என்றால், அது இதுவரை வராதவர்களுக்காக வைத்தது. பணம் கொடுத்து வரத் தயாராக இருக்கும் நீங்கள் அதை எடுக்காதீர்கள். சும்மா கிடைப்பதற்குப் பத்து வெள்ளியா என்று ஒரு வட்டாரமே நினைக்கப் பழகிவிட்டால், பிறகு எட்டு வெள்ளிக்குக்கூட விற்கமுடியாது.

ஜெர்சி வாங்கக்கூடாது என்பதில்லை. தையல், அச்சு, விற்காமல் தேங்கும் அளவுகள் எல்லாம் போகத்தான் அதில் கிளப்புக்கு மிஞ்சும். அதையும் பருவத்துக்கு ஒருமுறைதான் வாங்குவீர்கள். மகனின் பிறந்தநாளுக்கு அரங்கின் விற்பனை மேசையில் வாங்கிக் கொடுங்கள். மாதப் பணத்தைத் தொடவேண்டாம்.

எந்த ஆட்டத்தின் பணம் யாருக்குப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லீக் ஆட்டங்களில் பொதுவாக வசூல் ஆட்டத்தை நடத்தும் கிளப்புக்குத்தான். ஹவ்காங் பீஷானுக்கோ தெம்பனிசுக்கோ போய் ஆடும்போது நீங்கள் வாங்கும் டிக்கெட், எதிரணியின் கணக்கில் சேரும். குரல் கொடுக்கப் போகலாம், அதுவும் ஆதரவுதான். ஆனால் 50 வெள்ளிதான் இருக்கிறது என்றால் சொந்த மைதான ஆட்டங்களுக்கே முதலிடம். டிக்கெட் வாங்கியதற்கு வருமான வரிக் கழிவு எதிர்பார்க்காதீர்கள். 250 விழுக்காட்டுக் கழிவு, அங்கீகரிக்கப்பட்ட பொதுநல அமைப்புகளுக்குத் தரும் தகுதியுள்ள நன்கொடைக்கு மட்டுமே.

அப்பாவுக்கு நடுக்கோட்டுக்கு நேரே, கூரைக்கு அடியில், நடைவழி ஓரமாக ஓர் இருக்கை பாருங்கள். இருக்கை எண் இல்லாத டிக்கெட் என்றால் 40 நிமிடம் முன்பே போய்விடுங்கள். படிகள் உயரமானவை, கைப்பிடி இல்லாத இடங்களும் உண்டு. முரசடிக்கும் ரசிகர் கூட்டத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. மகன் அங்கேதான் உட்கார ஆசைப்படுவான். இரண்டாம் பாதியில் அவனை மட்டும் கூட்டிப் போங்கள். சிங்கப்பூர் ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தி 1993ல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் புரண்டு அடித்த கோலை அப்பா பார்த்திருந்தால், இடைவேளையில் அதைப் பேரனுக்கு அவரே சொல்லட்டும். 2025 நவம்பரில் ஹாங்காங்கை 2-1 என வென்று 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்ற தேசிய அணியில் பலர், வாரந்தோறும் இந்தச் சின்ன அரங்குகளில்தான் ஆடுகிறார்கள் என்பதைப் பையனுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் 50 வெள்ளி. பருவச் சீட்டை எடுக்கும்வரை பெரியவர் டிக்கெட் 10, சலுகை டிக்கெட் 5 என்று வைத்தால் மூவருக்கும் ஓர் இரவு 20 வெள்ளி. மாதம் இரண்டு ஆட்டத்துக்கு 40. மிச்சப் பத்து வெள்ளியில் ஒவ்வொரு மாதமும் இதுவரை அரங்குக்கே வராத ஒருவரை அழைத்துப் போங்கள்: பக்கத்து வீட்டுக்காரர், மகனின் வகுப்புத் தோழன், அந்த அலுவலக நண்பர். அவர் இரண்டாம் முறை வரும்போது தன் டிக்கெட்டைத் தானே வாங்கட்டும். பதினைந்து இருபது பேர் சேரும் அளவுக்கு வந்துவிட்டால், உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவிடம் பேசிவிட்டு, ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே கிளப்புக்கு மின்னஞ்சல் அனுப்பிக் குழு விலை கேளுங்கள். ஆள் எண்ணிக்கை, பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, சக்கர நாற்காலி தேவையா, பேநவ் மூலம் ஒரே தொகையாக யார் கட்டுவார் என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். இந்தக் கிளப்புகளின் அலுவலகத்தில் இதையெல்லாம் கவனிப்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான்.