தங்கச்சிமடத்தில் தனியாக இருக்கும் சித்திக்கு உதவி

தம்பி, பிள்ளையில்லாத சித்தி, சித்தப்பா போனபின் தனியாக இருக்கிறார், சர்க்கரை மாத்திரை வாங்கக்கூட நடக்க முடியவில்லை, நான் திருப்பூரில் இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் பாம்பன்காரி. மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாத்திரைக்கு அலைய வேண்டாம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் சித்தியின் அன்பியம் (தேவாலயப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) எது என்று கேளுங்கள். பங்குத்தந்தைக்கு நூறு வேலை. அன்பியத்து அக்காமார்தான் தினமும் வாசலில் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் அம்மா படுக்கையில் கிடந்த ஆறு மாதமும் கஞ்சி வந்தது அவர்கள் கையால்தான். கடலுக்குப் போகாத நாளில் ஆம்பளைகளும் வந்து தூக்கி உட்கார வைத்தார்கள். பங்கில் ஏழை எளியவர்களுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், வீடு தேடி வருவார்கள்.

விதவை உதவித்தொகை மாதம் 1200 ரூபாய். இ-சேவை மையத்தில் விண்ணப்பம், அப்புறம் விஏஓ விசாரணை; சித்தப்பாவின் இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு கையில் இருக்கட்டும். இழுத்தடித்தால் முதல்வர் உதவி எண் 1100-க்குப் பேசுங்கள். முதியோர் உதவி எண் 14567.

இன்றைக்கே பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றை வாங்கி வையுங்கள் தம்பி.