பெருந்தமனி அறுவை சிகிச்சைக்குப் பின் கம்மிய குரலும் ஏறும் புரையும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். நெஞ்சில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் வளைவு வீங்கியிருப்பதாகச் சொல்லி, ஏழு வாரங்களுக்கு முன் அறுவை சிகிச்சை செய்து செயற்கைக் குழாய் பொருத்தினார்கள். உடம்பு தேறிவிட்டது. ஆனால் குரல் வெறும் காற்றாகப் போகிறது. ஏலம் கூறிய மனிதருக்கு இப்போது போனில் பேசினால்கூட எதிர்முனையில் கேட்பதில்லை. மூச்சுக்குப் போட்ட குழாயால் வந்த புண், தானாக ஆறிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். நரம்பை வெட்டிவிட்டார்களோ என்று எனக்குப் பயம். குரல் திரும்புமா? தண்ணீர் குடிக்கும்போது சில நேரம் புரையும் ஏறுகிறது. – மேலூர் வட்டத்திலிருந்து ஒரு மகள்

மருத்துவர் பதில்: புரை ஏறுவதைக் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லி முடித்துவிட்டீர்கள் அம்மா, எனக்கு முதல் கவலையே அதுதான். குரல் பல மாதம் காத்திருக்கும். மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் இறங்குவது காத்திருக்காது.

குழாய் உரசியதால் வரும் கரகரப்பு பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரங்களில் குறைந்துவிடும். ஏழு வாரம் கழித்தும் குரல் காற்றாகப் போய், கூடவே புரையும் ஏறுகிறது என்றால், இடது குரல்நாண் அசையவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். குரல்நாண்கள் தொண்டையில் இருந்தாலும், இடது நாணை அசைக்கும் நரம்பு கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் வழியே மறுபடியும் மேலேறித்தான் குரல்வளையைச் சேர்கிறது. கருவில் இதயம் கழுத்துப் பக்கத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியபோது இந்த நரம்பையும் கூடவே இழுத்து வந்துவிட்டது. வலப்பக்க நரம்போ கைக்குப் போகும் தமனியைச் சுற்றியே திரும்பிவிடுவதால் இத்தகைய அறுவையில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

உங்கள் தந்தைக்கு அறுவை நடந்தது அந்த நரம்பு வளையும் இடத்திலேயேதான். வீங்கிய தமனியின் சுவரோடு நரம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தெடுக்கும்போது இழுபடலாம், நசுங்கலாம், சில வேளைகளில் அதைக் காப்பாற்ற வழியே இல்லாமலும் போகலாம். எனவே, வெட்டிவிட்டார்கள் என்று இப்போதே முடிவுகட்டாதீர்கள். அறுவைக்கு முன்பே குரல் மாறியிருந்ததா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். வீங்கிய தமனியே நரம்பை அழுத்திக் குரலைக் கம்மச் செய்வதுண்டு. இதயநோயால் இப்படிக் குரல் போவதை 1897-லேயே வியன்னாவில் ஓர்ட்னர் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். அறுவை செய்த மருத்துவரிடமே நரம்பின் நிலையைக் கேளுங்கள்; கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இனி புரைக்கு வருகிறேன். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவது நம் வீடுகளில் வழக்கம். உங்கள் தந்தையின் விஷயத்தில் அப்படி விட்டுவிடக் கூடாது. விழுங்கும் நேரத்தில் இரண்டு நாண்களும் சேர்ந்து மூடினால்தான் மூச்சுக்குழாய் காக்கப்படும். ஒன்று அசையாமல் நின்றால் இடைவெளி விழுகிறது. அதே இடைவெளியால் இருமலும் வலுவற்றுப் போவதால், உள்ளே போனதை வெளியே தள்ளவும் முடிவதில்லை. நுரையீரலில் சளிக்காய்ச்சல் பிடிப்பது இந்த வழியில்தான். சில நாள் கழித்து இருமல் நின்றுவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம். நாண்களுக்குக் கீழே உணர்ச்சி தருவதும் இதே நரம்பு என்பதால், தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தால், இன்றே நிறுத்துங்கள். தலை பின்னால் சாயும்போது தண்ணீர் மொத்தமாகத் தொண்டைக்குள் விழுகிறது. மூடாத நாணுக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, ஸ்பூனால் சிறிது சிறிதாகக் குடிக்கட்டும். இடது நாண்தான் என்று உறுதியானால், தலையை இடப்பக்கம் திருப்பி விழுங்குவது பலருக்கு உதவும். ஆனால் விழுங்கும் பயிற்சி தருபவர் பார்த்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். கட்டியில்லாத கேழ்வரகுக் கூழ் தண்ணீரைவிட எளிதாக இறங்கும். சோறு தனியாகவும் சாறு தனியாகவும் பிரிந்து நிற்கும் ரசம் சோறும், நீராகாரத்தோடு பழைய சோறும் இப்போதைக்கு வேண்டாம். பயந்துகொண்டு தண்ணீரையே குறைத்துவிடாதீர்கள். மதுரை வெயிலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி மருந்துக்கடையில் கிடைக்கும். எவ்வளவு கெட்டி என்பதையும் பயிற்சியாளரே சொல்வார். மாத்திரைகளை நீங்களாகப் பொடிக்காதீர்கள், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது.

இந்த வாரத்திலேயே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு இராசாசி மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. மெல்லிய வளையும் குழாயை மூக்கு வழியாக விட்டு, "ஈ" என்று சொல்லச் சொல்வார்கள். வலது நாண் நடுவுக்கு வந்து நிற்பதும், இடது நாண் இருந்த இடத்திலேயே கிடப்பதும் திரையில் உங்களுக்கே தெரியும். சில நிமிட வேலை; மயக்க மருந்து தேவையில்லை.

குரல் திரும்புமா என்று கேட்டிருந்தீர்கள். இழுபட்ட நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பார்த்த பிறகே நிரந்தரத் தீர்வைப் பேசுவோம். ஆனால் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அசையாத நாணுக்குள் ஹையலூரானிக் அமிலம் போன்ற பொருளை ஊசியால் செலுத்தி அதை நடுவுக்குத் தள்ளிவைக்கலாம்; சில மாதம் நிற்கும். குரலும் இருமலும் உடனே வலுப்படும், பலருக்குப் புரையும் குறையும். புரை ஏறுபவருக்கு இதை நான் தள்ளிப்போடச் சொல்லமாட்டேன். நாண் அசையாமலே நின்றுவிட்டால், கழுத்தில் சிறிய கீறல் போட்டுக் குரல்வளையின் குருத்தெலும்பு வழியாகத் தாங்கலாக ஒரு துண்டை வைக்கும் தைரோபிளாஸ்டி அறுவை உண்டு. ஜப்பானிய மருத்துவர் இஷ்ஷிகி 1974-ல் வகுத்த முறை அது. இப்போதைக்குக் கத்திப் பேசவும் வேண்டாம், கிசுகிசுக்கவும் வேண்டாம். ஏலத்தை வேறொருவர் கூறட்டும்.

தமனியோடு உலோக வால்வும் வைத்திருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரையை அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஊசிக்கு முன்பு அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். இதய அறுவை மருத்துவரும் தொண்டை மருத்துவரும் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இதற்கிடையில் காய்ச்சல் அடித்தாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலோ, மூச்சு இரைத்தாலோ, மூச்சை இழுக்கும்போது சத்தம் கேட்டாலோ விடியட்டும் என்று பார்க்காதீர்கள். இரவானாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.