நோயாளியின் ரகசியம்: யாரிடம், எதுவரை சொல்லலாம்?

கேள்வி (இல்லத்தரசி, திருச்சி): என் கணவரின் பரிசோதனை முடிவுகளை மருத்துவமனையில் தர மறுக்கிறார்கள். மனைவிக்குக்கூட உரிமை இல்லையா?

பதில்: அவர் சுயநினைவோடு இருக்கும்வரை இல்லைம்மா. அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

கேள்வி (கிளினிக் மருத்துவர், தேனி): எச்.ஐ.வி. உறுதியான நோயாளி மனைவியிடம் சொல்ல மறுக்கிறார். நான் சொல்லலாமா சார்?

பதில்: சொல்லலாம், எடுத்த எடுப்பில் அல்ல. 2017 எச்.ஐ.வி. சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படியுங்கள். முதலில், மனைவிக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருக்க வேண்டும். மருந்து ஒழுங்காக எடுத்து வைரஸ் அளவு அடங்கியவர் என்றால் இந்த இடத்திலேயே வாதம் ஆட்டம் காணும். அடுத்து, தானே சொல்லும்படி அவருக்கு ஆலோசனை. அவர் சொல்லமாட்டார் என்பது உறுதியானபின், நீங்கள் சொல்லப்போவதை அவரிடமே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகுதான் மனைவியிடம், ஆலோசனை கொடுத்து, நேரில். ஃபோனில் கூடாது, மாமியார் வழியாகக் கூடவே கூடாது. இந்த அனுமதி சிகிச்சை தரும் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும்தான், லேப் டெக்னீஷியனுக்குக் கிடையாது. ஒவ்வொரு படியையும் தேதி போட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். எழுதாத ஆலோசனையைப் பிறகு நிரூபிக்க முடியாது.

நோயாளி பெண்ணாக இருந்து, சொன்னால் அடிப்பார்கள், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று அஞ்ச நியாயம் இருந்தால் கணவரிடம் சொல்லக்கூடாது.

கேள்வி (செவிலியர், தஞ்சாவூர்): 16 வயதுப் பெண் கருக்கலைப்புக்கு வந்திருக்கிறாள். போலீசுக்குச் சொல்லாதீர்கள் என்று அம்மா கெஞ்சுகிறார்.

பதில்: சொல்லாமல் விட முடியாது சிஸ்டர். 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. மறைத்தால் 6 மாதம் வரை சிறை. காதல், சம்மதம் எல்லாம் கணக்கில் வராது. ஆனால் 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி விட்டது: கருக்கலைப்புக்கு வந்த சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தகவல் தரும் மருத்துவர், சிறுமியின் பெயரையும் அடையாள விவரங்களையும் தவிர்க்கலாம். இதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பயத்தில் போலி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கோரிக்கையை எழுதி வாங்கி வையுங்கள்.

கேள்வி (எலும்பு சிகிச்சைப் பிரிவு மாணவர், மதுரை): எக்ஸ்ரேயை டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்கலாமா?

பதில்: ஆள் தெரியாதபடி என்றால் சரி. படத்தின் மூலையில் பெயர், வயது, ஐடி எண் இருக்கும். மார்க்கரால் கிறுக்கினால் போதாது, வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். அந்த மூலையை வெட்டிவிடுங்கள். கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். ‘நேற்று இன்ன பாலத்தில் விழுந்த பஸ் டிரைவர்’ என்று கீழே எழுதிவிட்டால், வெட்டியதெல்லாம் வீண்.