பார்த்துக் கட்டினால் ஓடுகிறது, சொந்தமாகப் போட வரவில்லை

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் எனக்குப் பொழுதுபோக்கு. கிடைக்கும் சர்க்யூட் படங்களைப் பார்த்து பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) கட்டினால் பெரும்பாலும் வேலை செய்துவிடுகிறது. ஓம் விதி, கிர்க்காஃப் விதிகள் எல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் வெற்றுத் தாளோடு உட்கார்ந்தால் ஒரு கோடுகூட விழுவதில்லை. இங்கே ஏன் 1 கிலோ ஓம், அங்கே ஏன் 10 கிலோ ஓம் என்று எந்தப் படமும் சொல்வதில்லை. இன்னும் கணக்கு படிக்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்குத் தேவையில்லை. பொழுதுபோக்காகச் செய்யும் சர்க்யூட்களில் பெரும்பகுதியை ஓம் விதியை வைத்தே போட்டுவிடலாம். நீங்கள் தொடங்கும் முனைதான் தவறு. படத்தைப் பார்த்துக் கட்டும்போது சப்ளையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பாகமாக வைத்துக்கொண்டு போகிறீர்கள். வடிவமைக்கும்போது வர வேண்டியது எதிர்த்திசையில். கடைசியில் வேலை செய்யப்போவது எது, அதற்கு எத்தனை வோல்ட், எத்தனை மில்லி ஆம்பியர்? இதை எழுதிவிட்டு அங்கிருந்து பின்னால் நடக்க வேண்டும்.

ஒரு ரிலேயை எடுத்துக்கொள்வோம்: உள்ளே இருக்கும் காயிலில் மின்னோட்டம் ஓடினால் மாறும் சுவிட்ச். 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு பின், 12 வோல்ட் ரிலேயை இயக்க வேண்டும். காயிலை மல்டிமீட்டரால் அளந்தால் 400 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ரிலேக்களில் இது வழக்கமான மதிப்புதான். 12ஐ 400ஆல் வகுத்தால் 30 மில்லி ஆம்பியர். 12 வோல்ட் பக்கத்தை அந்தப் பின்னோடு நேராக இணைக்க முடியாது, எனவே நடுவில் ஒரு டிரான்சிஸ்டர். அதற்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என மூன்று கால்கள்; பேஸில் சிறிய மின்னோட்டம் கொடுத்தால் கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரியது ஓடும். பிசி547 என்ற டிரான்சிஸ்டர் கலெக்டரில் 100 மில்லி ஆம்பியரும், அணைந்திருக்கும்போது 45 வோல்ட்டும் தாங்கும். நமக்குத் தாராளம்.

அடுத்தது பேஸ் மின்னோட்டம். பலரும் சறுக்குவது இங்கேதான். டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) மின்னோட்டப் பெருக்கம், அதாவது பேஸ் மின்னோட்டத்தைப் போல் கலெக்டரில் எத்தனை மடங்கு ஓடும் என்பது, 110 முதல் 800 வரை என்று இருக்கும். 30ஐ 110ஆல் வகுத்து, கால் மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த எண், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே 5 வோல்ட் நிற்கும் நிலையில் அளந்தது. நமக்கு வேண்டியது சுவிட்ச். அங்கே அரை வோல்ட்கூட நிற்கக் கூடாது. அதே டேட்டாஷீட்டில் சாச்சுரேஷன் (முழுதாகத் திறந்த நிலை) என்ற வரியைத் தேடுங்கள். கலெக்டரில் 100 மில்லி ஆம்பியருக்கு பேஸில் 5 என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். அதாவது இருபதில் ஒரு பங்கு. நம் 30க்கு 1.5 மில்லி ஆம்பியர்.

பின்னின் 3.3 வோல்ட்டில் பேஸ்-எமிட்டர் 0.7 போக 2.6 மிச்சம். 2.6 வோல்ட்டை 1.5 மில்லி ஆம்பியரால் வகுத்தால் சுமார் 1.7 கிலோ ஓம். அந்த மதிப்பில் ரெசிஸ்டர் சாதாரணமாகக் கிடைக்காது. பக்கத்தில் இருப்பவை 1.5, 1.8. கீழே இறங்கினால் மின்னோட்டம் கூடும், டிரான்சிஸ்டர் உறுதியாகத் திறக்கும், அதனால் 1.5. சரி, 1 கிலோ ஓம் போட்டால்? 2.6 மில்லி ஆம்பியர் ஓடும், பின்னுக்கு அது சுமையே இல்லை. படங்களில் அந்த இடத்தில் 1 கிலோ ஓம் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுதான்.

அப்போ 10 கிலோ ஓம்? மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட்டில் இருக்கும்போது பின் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதக்கும், ரிலே தானாக உதறலாம். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் அந்த நேரத்தில் டிரான்சிஸ்டர் அணைந்தே இருக்கும். 10 கிலோ ஓம் போட்டால் அது குடிப்பது வெறும் 0.07 மில்லி ஆம்பியர். 470 ஓம் போட்டுப் பாருங்கள்: 1.5 மில்லி ஆம்பியரை அதுவே விழுங்கிவிடும், பேஸுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்காக மெகா ஓம் கணக்கில் ஏற்றினால் பின்னைக் கீழே பிடித்துவைக்கும் பலம் போய்விடும். நடுவில் 4.7, 10, 22 கிலோ ஓம் எது போட்டாலும் ஓடும்.

இனி எந்தப் படத்தைப் பார்த்தாலும் மதிப்புகளை இப்படி இரண்டாகப் பிரியுங்கள்: கணக்குப் போட்டு வந்தவை, ஒரு எல்லைக்குள் எதுவானாலும் சரி என்பவை. இரண்டாவது வகைதான் அதிகம் என்று தெரியும்போது வெற்றுத் தாள் அவ்வளவு மிரட்டாது. ரிலே காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக 1என்4007 டயோடு போடவும் மறக்க வேண்டாம். அணைக்கும் கணத்தில் காயில் எழுப்பும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரின் 45 வோல்ட்டைச் சுலபமாகத் தாண்டும். டயோடு இல்லாமலும் சில நாள் ஓடும், அதுதான் தொல்லை.

டேட்டாஷீட்டை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. எந்த நிலையில் அளந்தார்கள் என்ற பத்தியை மட்டும் தவறவிடாதீர்கள். மாஸ்ஃபெட் என்பது கேட் என்ற காலில் கொடுக்கும் மின்னழுத்தத்தால் திறக்கும் டிரான்சிஸ்டர். ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட்டின் திரெஷோல்ட் (திறக்கத் தொடங்கும் கேட் மின்னழுத்தம்) 2 முதல் 4 வோல்ட் என்று பார்த்துவிட்டு, 3.3 வோல்ட் பின்னில் மாட்டுகிறவர்கள் ஏராளம். அந்த எண் 250 மைக்ரோ ஆம்பியர் ஓடத் தொடங்கும் இடம், அவ்வளவுதான். முழுதாகத் திறந்த நிலையின் மின்தடையை கேட்டில் 10 வோல்ட் கொடுத்து அளந்திருப்பார்கள். 3.3க்கு வேண்டுமானால், 2.5 வோல்ட் கேட்டிலும் மின்தடை குறிப்பிட்டிருக்கும் ஏஓ3400 போன்றதைப் பாருங்கள்.

வெப்பக் கணக்கையும் விடாதீர்கள். மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக இறக்கித் தரும் 7805 ரெகுலேட்டரில் 12 வோல்ட் உள்ளே, 5 வெளியே, 300 மில்லி ஆம்பியர் சுமை. படம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 7 வோல்ட், 0.3 ஆம்பியர், ஆக 2.1 வாட் அங்கேயே சூடாகிறது. ஹீட்சிங்க் இல்லாத டிஓ220 உறைக்கு ஒரு வாட்டுக்கு 50 முதல் 65 டிகிரி வரை ஏறும் என்று டேட்டாஷீட்கள் சொல்கின்றன. பெருக்கினால் நூறு டிகிரிக்கு மேல், அதுவும் அறை வெப்பத்தின் தலைமேல். சிப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், நீங்கள் பிரெட்போர்டின் ஒயர்களைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்று மாலையே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று. 10 வோல்ட்டுக்கு இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்து நடுவில் அளந்தால் 5 வோல்ட். இப்போது கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு 1 கிலோ ஓம் மாட்டுங்கள். மீட்டரைப் பார்ப்பதற்கு முன் விடையைத் தாளில் எழுதிவிட வேண்டும். 0.83 வந்தால் சரி. பாதியாவது நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தால், ஒரு பகுதி அடுத்த பகுதிக்குச் சுமையாவது இன்னும் மனதில் பதியவில்லை என்று பொருள். தனித்தனியாக ஓடிய இரண்டு சர்க்யூட்கள் சேர்த்ததும் படுத்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான். எழுது, கட்டு, அளந்து பார், வேறுபட்டால் காரணம் கண்டுபிடி: எந்தச் சர்க்யூட்டிலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கருவிகளில் மல்டிமீட்டருக்கு அடுத்து, மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை வாங்குங்கள். ஆஸிலோஸ்கோப் பிறகு. சிமுலேட்டர் நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் அதில் எதுவும் கருகாது; 2.1 வாட் அங்கே ஓர் எண் மட்டும். ஒவ்வொரு ஐசியின் சப்ளை பின்னை ஒட்டி 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள், இதற்குக் கணக்குக்கூட வேண்டாம்.

ரிலேயின் மறுபக்கத்தில் வீட்டு மின்சாரத்தை இணைக்கும் ஆசை வரும். பிரெட்போர்டு அதற்கானதல்ல. இப்போதைக்கு அங்கே 12 வோல்ட் விளக்கு ஒன்றை மாட்டிச் சோதியுங்கள்.