நீர் மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுப்பது?

(இதய நோய் வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.)

மாமியாருக்கு 72 வயது. இதயம் பலவீனம் என்று லாசிக்ஸ் 40 என்ற நீர் மாத்திரையைக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று கொடுக்கிறோம். விடிய விடிய பாத்ரூமுக்கு எழுந்து போகிறார். போன வாரம் தடுமாறி விழுந்துவிட்டார். "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று பிடிவாதம். என்ன செய்வது சிஸ்டர்? – வாசகி, கும்பகோணம்

மாத்திரை மேல் தப்பில்லை அம்மா, கொடுக்கிற நேரம்தான் சரியில்லை. மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் நம் வீடுகளில் அது காலை டிபனுக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கும் என்று ஆகிவிடுகிறது. லாசிக்ஸ் உள்ளே போய் அரை மணி, ஒரு மணியில் வேலையைத் தொடங்கும்; ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை விடாது. ராத்திரி 8 மணிக்குக் கொடுத்தால் அவர் எப்படித் தூங்குவார்? இரண்டாவது மாத்திரையை மதியம் 2 முதல் 4 மணிக்குள் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். விழுந்ததையும் கட்டாயம் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்றதும் ஒரு தடவை பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 குறைந்தால் மாத்திரை அளவையே டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும். அதுவரை கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, கொஞ்சம் நிதானித்த பிறகே அவர் எழட்டும்.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதில் உப்பையும் தண்ணீரையும் திரும்ப இழுத்துக்கொண்டு ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகிறது. லாசிக்ஸ் அந்த உப்பு உள்ளே திரும்புகிற வழியை அடைக்கிறது. உப்பு வெளியே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். அதனால்தான் ஒரு பக்கம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்னொரு பக்கம் அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று சாப்பிட்டால் வீக்கம் வடிவதில்லை. தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பது டாக்டர் சொல்லும் கணக்கு. மாமியாராகக் குறைக்கவும் வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம்.

ஒரு எடை மெஷின் வாங்கிவிடுங்கள். கால் வீங்கிக் கண்ணுக்குத் தெரிவதற்குள் உடம்பில் இரண்டு, மூன்று லிட்டர் சேர்ந்திருக்கும். மெஷின் அதை முன்பே காட்டிவிடும். ஒரு லிட்டர் நீர் என்றால் ஒரு கிலோ. காலையில் சிறுநீர் கழித்த பின், காப்பிக்கு முன், அதே மாதிரி உடையில் நிற்கச் சொல்லி எடையை எழுதுங்கள். தேதி கிழிக்கிற காலண்டரில் எழுதாதீர்கள், மறுநாள் குப்பைக்குப் போய்விடும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே கேளுங்கள். மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லலாம். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். அது நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கல்லீரல் சுருக்கம், வயிற்றில் நீர் என்று எனக்கு அல்டாக்டோன் கொடுத்திருக்கிறார்கள். நீர் மாத்திரை போட்டால் பொட்டாசியம் குறையும், தினமும் இளநீர் குடி என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். குடிக்கலாமா? – வாசகர், பொள்ளாச்சி

வேண்டாம் ஐயா. அவர் சொல்வது லாசிக்ஸ் மாதிரி மாத்திரைகளுக்குப் பொருந்தும். அவை பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றும். அல்டாக்டோன் நேர் எதிர், பொட்டாசியத்தை உடம்பிலேயே பிடித்துவைக்கும். அதன் மேல் தினமும் இளநீர் என்றால் அளவு மீறலாம். பொட்டாசியம் ஏறுவது பல நேரம் வெளியே தெரியவே தெரியாது, நேராக இதயத் துடிப்பில்தான் கை வைக்கும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். இன்னொன்று, இந்த மாத்திரையால் ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். வார்டில் எத்தனையோ பேர் வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்திருக்கிறார்கள். சொன்னால் மாற்று மருந்து உண்டு.

நர்சிங் மாணவி நான். லாசிக்ஸ் ஊசியை வேகமாகப் போட்டேன் என்று சீனியர் அக்கா திட்டினார். அப்படி என்ன பெரிய குற்றம்? – திருநெல்வேலி

அக்கா திட்டியது சரிதான் கண்ணு. வேகமாக ஏற்றினால் காதில் இரைச்சல் வரும், கேட்கும் திறன்கூடப் பாதிக்கும். ஜென்டாமைசின், அமிக்காசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஓடுகிற நோயாளி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். 20, 40 மில்லிகிராம் என்றால் ஒன்றிரண்டு நிமிடம் எடுத்துக்கொள். பெரிய டோஸ் என்றால் நிமிடத்துக்கு 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மருந்து மஞ்சளாகத் தெரிந்தால் அந்த ஆம்பியூலை ஒதுக்கிவிடு. போடுவதற்கு முன் பி.பி.யையும், கடைசியாக வந்த பொட்டாசியம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் பார். டிகாக்சின் என்ற இதய மருந்து வாங்குகிறவராக இருந்தால் பொட்டாசியம் குறைவதை ரொம்பக் கவனி. நரம்பில் போட்ட ஊசி ஐந்து நிமிடத்தில் வேலையைக் காட்டும், அதனால் யூரின் பாட்டிலோ பெட்பேனோ கட்டில் பக்கத்தில் தயாராக இருந்த பிறகே சிரிஞ்சைக் கையில் எடு.