ஏஐ கணக்குக்கு 6,000 ரூபா கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். நிரல் எழுத உதவும் ஏஐ-யை அவளுடைய மடிக்கணினியில், விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் மென்பொருளுக்குள் பொருத்தி, ஓராண்டுக்குக் கணக்கும் தருவதாக நகரத்துக் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். 6,000 ரூபா கேட்டார். 1,000 ரூபா முற்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?
(ஒரு தாய், உப்புவெளி)

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. அவர் விற்பதில் பாதி இலவசமாகக் கிடைப்பது. மறுபாதி வாங்கவே கூடாதது.

வாங்கக்கூடாதது அந்தக் கணக்குத்தான். அவர் சொல்லும் ஏஐ கோபைலட்டாக இருக்கலாம். அதைத் தருவது, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையத்தளமான கிட்ஹப். கிட்ஹப் விதிப்படி ஒரு கணக்கின் நுழைவை ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம். கடைக்காரர் தருவது வேறு யாருடைய பெயரிலோ திறந்ததாக இருந்தால், கடவுச்சொல் அவரிடமும் இருக்கும். ஒருநாள் அவர் அதை மாற்றிவிட்டால் மகள் வெளியே நிற்பாள். அதில் சேமித்து வைத்த வேலையும் போய்விடும்.

விஎஸ் கோட் மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தருவது. மகள் தன் சொந்த மின்னஞ்சலில் கிட்ஹப் கணக்கைத் திறந்து, விஎஸ் கோட்டுக்குள் அதே கணக்கால் நுழைந்து கோபைலட்டை இயக்கினால் போதும். ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடியும். நீட்சி (விஎஸ் கோட்டோடு சேர்க்கும் துணை நிரல்) எதையாவது தேடி நிறுவச் சொன்னால், வெளியீட்டாளர் பெயர் கிட்ஹப்தானா, பக்கத்தில் சரிபார்த்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். போலிகள் உலவுகின்றன.

இலவசத் திட்டத்துக்குக் கடனட்டை தேவையில்லை. 2024 டிசம்பரில் அது வந்தபோது மாதத்துக்கு 2,000 நிரல் பரிந்துரைகளும் 50 உரையாடல் செய்திகளும் என்று அளவு வைத்தார்கள். படிக்கும் பிள்ளைக்கு அது தாராளம். போதாவிட்டால், மாணவி என்பதற்கான சான்றைக் காட்டி கிட்ஹப்பின் மாணவர் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம்.

இனி, அது என்னதான் செய்யும்? 'பிறந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடு' என்று குறிப்பெழுதி அடுத்த வரிக்குப் போனால், சாம்பல் நிறத்தில் நிரல் தானாக முளைக்கும். டேப் விசையை அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும். எஸ்கேப் என்றால் மறைந்துவிடும். ஆனால் அது வெறுமனே ஆண்டை ஆண்டால் கழித்துவைக்கவும் கூடும். இந்த வருடப் பிறந்தநாள் இன்னும் வராதவருக்கு அப்போது ஒரு வயது கூடிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் கண் மகளுக்குத்தான் வேண்டும். அந்தக் கண்ணைக் கடையில் விற்பதில்லை. இணையம் அறுந்தால் பரிந்துரை நின்றுபோகும், எழுதும் வேலை நிற்காது.

ஒப்படைகளில் இதைப் பயன்படுத்தலாமா என்று முதலில் விரிவுரையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். கூடாது என்றால், விஎஸ் கோட்டின் கீழ்ப்பட்டையில் உள்ள கோபைலட் சின்னத்தை அழுத்திப் பரிந்துரைகளை நிறுத்தி வைக்கலாம்.

முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றே போய்க் கேளுங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.